ஹார்லன் எடுத்துப் போகாத தோட்டா

"பாஸ், ஒரு சந்தேகம். உலகம் அழியுற அன்னிக்கு நமக்கு லீவு உண்டா?"

மார்லிஸ் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிக்கப் வண்டி பனியில் வழுக்கி வழுக்கி டாட் க்ரீக் பள்ளத்தாக்குக்குள் ஏறிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கஸ் வாயைச் சும்மா வைத்திருந்து மார்லிஸ் பார்த்ததில்லை. லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு அவளுடைய துப்பறியும் ஆபீஸில் ஒட்டிக்கொண்டு மூன்று வருஷம் ஆகிறது. முன்பெல்லாம் அவனுடைய கிண்டலுக்கு அவள் சிரிப்பாள், இல்லை திட்டுவாள். வசந்தத்தில் புருஷன் இறந்துபோன பிறகு இரண்டும் நின்றுபோனது. மனசு மரத்துப் போயிருந்தது. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி, தொட்டால் தொட்டது தெரிந்தது, வலிக்கவில்லை.

"லீவு கிடையாது," என்றாள் கடைசியில். "நீ விஷயத்தைச் சொல்லு."

"விஷயம் என்ன பாஸ், ஹார்லன் ஸ்ட்ரூப். அறுபதைத் தாண்டின ஆளு. கரண்டு போயிடும், கடை காலியாயிடும், அப்போ நாம மட்டும் உயிரோட இருக்கணும்னு ஆயுசு பூரா சாமான் சேர்த்தவரு. போன வாரம் பொண்டாட்டியோட சண்டை. பையை மாட்டிக்கிட்டு, துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு, மலை மேல இருக்கிற தன் குடிசைக்குக் கிளம்பிட்டாராம். தேடாதேன்னு சொல்லிட்டுப் போனாராம். ஷெரிஃப் ஆபீஸ்ல கேட்டா, அவர் மாதிரி ஆளு காணாமப் போகமாட்டாரு, நாமதான் காணாமப் போவோம்ங்கிறாங்க."

"நம்மைக் கூப்பிட்ட மகள்?"

"ஜோலின். ஸ்போகேன் நகரத்துலேர்ந்து வந்திருக்கா. அப்பா மாதிரியே பிடிவாதம். பனிச்சரிவு அபாயம், யாரும் மேல போகக்கூடாதுன்னு அறிவிப்பு இருக்கு. அதெல்லாம் அவளுக்குக் காதுல ஏறல. அப்பா எங்க இருக்காருன்னு மத்தியானத்துக்குள்ள நாம சொல்லணும். இல்லேன்னா அவ மலையேறிடுவா. தனியா."

மார்லிஸ் மலையைப் பார்த்தாள். உச்சியை மேகம் விழுங்கியிருந்தது. குடிசைக்குப் போகும் ஒரே வழி ஒரு செங்குத்தான ஓடையைக் குறுக்கே கடக்கும். புதுப்பனி ஏறியிருக்கும்போது அதில் ஒரு ஆள் கால் வைத்தால் போதும், மலையே இறங்கி வரும். பயப்பட வேண்டிய விஷயம்தான். பயம் வரவில்லை. அது வராததுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

மரக்கட்டைகளால் கட்டிய வீடு. வாசலுக்குப் பக்கத்தில் விறகுக் கொட்டகை, கூரை வரை அடுக்கி நிறைந்திருந்தது. கதவைத் திறந்த ஹார்லனின் மனைவி வெர்னா ஒல்லியான பெண்மணி. நரைத்த பின்னல், ஆண்பிள்ளைச் சட்டை. கண் இவர்கள் மேல் இருந்தது, பார்வை வேறெங்கோ இருந்தது.

"உள்ள வாங்க. காபி சூடா இல்ல."

சமையலறையில் விறகடுப்பு அரைகுறையாக எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உடைத்துப் போட்ட ஒரு நாற்காலியின் கால்கள் கிடந்தன.

"நாற்காலி என்னம்மா தப்பு பண்ணுச்சு?" என்றான் கஸ்.

"பழசு," என்றாள் வெர்னா.

டெலிபோனுக்கு மேலே ஆணியில் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி பிளாஸ்டிக் ஸ்டாப்வாட்ச். எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. கஸ் கையை நீட்டினான். "ஓடிக்கிட்டே இருக்கே, யாராவது இன்னும் கோட்டைத் தொடலையா?"

வெர்னா சட்டென்று வந்து அதைச் சுவர் பக்கமாகத் திருப்பிவிட்டாள். "தொடாதீங்க."

மேடையில் இருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. "அம்மா, கேக்குதா? நான் மலையடிவாரத்துல இருக்கேன். மத்தியானம் வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் கிளம்பிடுவேன்."

வெர்னா அதை எடுத்தாள். பொத்தானை அழுத்தினாள். வாய் திறந்தது. "போகாதடி," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

"அப்பா அங்க குளிர்ல கிடக்கலாம்மா, போகாம எப்படி?" என்றது கருவி. பிறகு ஓய்ந்தது.

"துப்பாக்கி அலமாரியைப் பார்க்கலாமா?" என்றாள் மார்லிஸ்.

நிலவறைப் படிகளில் இறங்கினார்கள். கஸ் விசிலடித்தான். சுவர் முழுக்க அரிசி, பீன்ஸ், உப்பு, மெழுகுவர்த்தி, பாட்டில் பாட்டிலாகப் பதப்படுத்திய பீச் பழம். "பாஸ், நம்ம ஊரு சூப்பர் மார்க்கெட்ல இவ்வளவு சரக்கு இல்ல."

துப்பாக்கி அலமாரியில் ஓர் இடம் காலி. ஹார்லனின் பெரிய ரைஃபிள் போயிருந்தது. எல்க் மானையும் கரடியையும் அடிக்கிற முந்நூறு மேக்னம். அதற்குக் கீழ்த்தட்டில் அதன் தோட்டாப் பெட்டிகள் இருந்த இடமும் துடைத்துவிட்ட மாதிரி காலி. பக்கத்தில் ஒரு சின்ன ரைஃபிள், பிள்ளைகள் பழகுகிற பாயின்ட் ட்வென்ட்டி டூ, அப்படியே சாய்ந்து நின்றது. அதன் தோட்டாக்கள் காபி டின்களில். மூன்று டின். மார்லிஸ் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள், கனத்தது, நிறைய இருந்தது. மேல் தட்டில் கையால் அடிக்கிற தண்ணீர் வடிகட்டி ஒன்று புதுசாக உட்கார்ந்திருந்தது.

அவள் கஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள். கஸ்ஸின் சிரிப்பு போயிருந்தது.

வெளியே வந்து வண்டியில் ஏறியதும்தான் அவன் வாயைத் திறந்தான். "பாஸ், போன வருஷம் நான் இந்த மனுஷனோட வகுப்புக்குப் போனேன். விவசாயிகள் சங்க ஹால்ல. ஆபத்துக் காலத்துக்கு எந்தத் தோட்டா வாங்கி வைக்கணும்னு பாடம்."

"உனக்கு எதுக்கு அது?"

"மீட்லோஃப் கறிச்சாப்பாடு இலவசம்னாங்க. ஹக்கில்பெர்ரிப் பழம் வச்ச இனிப்பும் உண்டு. அதை விடுங்க. மேசை மேல ரெண்டு குவியல் வச்சாரு. ஒரு பக்கம் பெரிய தோட்டா, ஒரு பக்கம் காபி டின். மலைக்கு ஓடணும்னா எதை எடுப்பீங்கன்னாரு. அத்தனை பேரும் பெரியதைக் காமிச்சோம். நான் ரெண்டு கையாலயும் காமிச்சேன். மனுஷன் எங்களைக் கிழிச்சுத் தோரணம் கட்டிட்டாரு. 'ஏன்யா, கரடியைக் கல்யாணம் பண்ணவா போறீங்க? பெரிய தோட்டா ஒண்ணோட எடைக்குச் சின்னது ஒரு டஜன் வரும். பெரியதால முயலைச் சுட்டா மீசைதான் மிஞ்சும். எல்க்கைச் சுட்டா ஒத்த ஆளு எப்படிச் சுமப்ப? சத்தம் கேட்டுப் பசிச்சவன் பூரா உன் வாசலுக்கு வருவான். சின்னதுதான் சோறு போடும். பெரியது பெருமைக்கு.' அதோட தண்ணி வடிகட்டி இல்லாம கிளம்புறவனுக்கு வயித்தாலதான் சாவுன்னும் சொன்னாரு."

"ஆக, பையைக் கட்டினது ஹார்லன் இல்லை."

"அந்தப் பாடமே தெரியாத எவனோ கட்டியிருக்கான். சினிமா பார்த்து வளர்ந்தவன். பெருசைப் பார்த்தான், தூக்கிட்டான். அப்புறம் ஹார்லனை என்ன பண்ணினான்னு..." கஸ் முடிக்கவில்லை. "தம்பி மகன் ஒருத்தன் இருக்கான் பாஸ். ப்ரென்ட். போன மாசம் தேங்க்ஸ்கிவிங் விருந்தன்னிக்கு வான்கோழி ஆறுற வரைக்கும் பெரியப்பாவோட கத்தினானாம். பள்ளத்தாக்கு பூரா பேச்சு."

"ஓட்டு," என்றாள் மார்லிஸ். மகள் கேட்ட பதிலில் பாதி கிடைத்த மாதிரி இருந்தது. பாதி பதிலைச் சொன்னால் ஜோலின் நிற்கமாட்டாள். அப்பாவை யாரோ இழுத்துப் போய்விட்டார்கள் என்று கேட்டால் இன்னும் வேகமாக ஏறுவாள்.

ப்ரென்ட் பள்ளத்தாக்கின் கீழ்க்கோடியில் ஒரு டிரெய்லர் வீட்டில் இருந்தான். முப்பது வயசு, தாடியில் மாவு. இரும்புச் சட்டியில் என்னமோ பொரிந்துகொண்டிருந்தது.

"அணில்," என்றான் கேட்காமலே. "சாப்பிடுறீங்களா?"

"எனக்கு அணில்னா மரத்துல இருக்கிறதுதான் பிடிக்கும்," என்றான் கஸ்.

மார்லிஸ் சுற்றி வளைக்கவில்லை. "உங்க பெரியப்பாவோட பெரிய ரைஃபிள் எங்க?"

"அவர்கிட்ட."

"நீ எடுக்கலை?"

ப்ரென்ட் கரண்டியைக் கீழே வைத்தான். கோபப்படவில்லை, அவமானப்பட்ட மாதிரி பார்த்தான். "நானா? அந்த யானையையா? அதுக்குத் தோட்டா வாங்கவே ஒருத்தன் தனியா சம்பாதிக்கணும். திருடணும்னு நினைச்சா நான் அந்தக் காபி டின்னைத்தான் திருடுவேன். அதை விட்டுட்டுப் பெரியதைத் தூக்குறவன் வெளியூர்க்காரன். இந்தப் பள்ளத்தாக்குல தொட்டில் குழந்தைக்குக்கூட அந்தப் பாடம் தெரியும். அவரு விடமாட்டாரு, பிடிச்சு உட்கார வச்சுச் சொல்லுவாரு."

"அப்புறம் எதுக்குச் சண்டை?"

"ஒத்திகைக்கு." அவன் சட்டியைத் திருப்பினான். "தேங்க்ஸ்கிவிங் சாப்பாட்டு நடுவுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தாரு. எனக்கு உசிரே போயிடுச்சு, போனை எடுத்தேன். பெரியம்மா ஸ்டாப்வாட்சை அமுக்கிட்டு அப்படியே நிக்கிறாங்க. பார்த்தா, நடிப்பு. எழுந்து உட்கார்ந்து, 'ப்ரென்ட் ஃபெயில்'ங்கிறாரு. போனைத் தொட்டா ஃபெயில். கரண்டு போன உலகத்துல ஆம்புலன்ஸ் வராது, நம்ம கையாலதான் பார்த்துக்கணும். பச்சைப் புள்ளையிலேர்ந்து எங்களுக்கு இதேதான். சட்டையில கெச்சப்பை ஊத்திக்கிட்டு சமையலறையில கிடப்பாரு. 'ஆம்புலன்ஸைக் கூப்பிடு, செத்துடுவேன்'னு அவரே கதறுவாரு, ஏமாத்துறதுக்கு. ஜோலின் அழுவா. அழுதா மறுபடியும் முதல்லேர்ந்து. 'ஒத்திகை முடிஞ்சது'ன்னு அவர் வாயால சொல்ற வரைக்கும் முடியாது. வேற யாரும் சொல்லக்கூடாது. பெரியம்மா மட்டும் ஒரு தடவைகூட ஃபெயில் ஆனதில்ல."

அவன் பேச்சில் சிரிப்பு இருந்தது. மார்லிஸ் சிரிக்கவில்லை. ஏனோ அந்த நாற்காலிக் கால்கள் ஞாபகம் வந்தன.

"பெரியம்மா அந்தப் பெரிய துப்பாக்கியைச் சுடுவாங்களா?"

"ஒரே ஒரு தடவை. தோள்பட்டை நீலம் பாரிச்சு ஒரு வாரம் கையைத் தூக்க முடியல. அவங்களுக்குச் சின்னதுதான். அதுல அவங்க கெட்டிக்காரி, நூறடியில அணில் கண்ணுலயே அடிப்பாங்க."

திரும்பி வண்டியில் ஏறினபோது கஸ் ஸ்டார்ட் பண்ணவில்லை. "பாஸ், அவன் பொய் சொல்லல. அப்போ நம்ம வெளியூர்க்காரன் யாரு?"

"வெளியூர்க்காரனே கிடையாது கஸ். நாம தலைகீழாப் பார்த்துட்டோம்." அவள் குரல் வழக்கம்போலத் தட்டையாகத்தான் வந்தது. "எது போச்சுன்னு பார்த்தோம். எது போகலைன்னு பாரு. சின்ன ரைஃபிள் போகல. அதோட தோட்டாவுல ஒண்ணுகூடப் போகல. தண்ணி வடிகட்டி போகல. இனிமே தனியா இந்த வீட்டுல குளிர்காலத்தைத் தள்ளணும்னு இருக்கிற ஒருத்திக்கு வேண்டியது எதுவுமே போகல. அவளால சுட முடியாத துப்பாக்கி போச்சு. அதுக்கு மட்டும் ஆகிற தோட்டா போச்சு. பாடம் தெரியாதவன் கட்டின பை இல்ல அது. ரொம்ப நல்லாத் தெரிஞ்சவ கட்டினது."

கஸ் சாவியைத் திருகினான். "நான் ஏதாவது ஜோக் அடிக்கணுமா பாஸ்?"

"வேண்டாம். ஓட்டு."

வெர்னா அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியின் இன்னொரு கால் அடுப்புக்குள் போயிருந்தது. வாக்கி டாக்கியில் ஜோலினின் மூச்சு வாங்குகிற குரல் வந்தது. "அம்மா, கிளம்பிட்டேன். மரக்கூட்டத்தைத் தாண்டிட்டேன். ஓடையைக் கடந்துட்டுக் கூப்பிடுறேன்."

மார்லிஸ் எதிரே உட்கார்ந்தாள்.

"வெர்னா, கொட்டகை நிறைய விறகு இருக்கு. நீங்க ஏன் நாற்காலியை எரிக்கிறீங்க?"

வெர்னா அடுப்புக் கதவைச் சாத்தினாள்.

"கொட்டகைக்குள்ள போகப் பிடிக்கல. அப்படித்தானே?"

வெர்னா தன் கைகளைப் பார்த்தாள். வேறு யாருடைய கைகளையோ பார்க்கிற மாதிரி பார்த்தாள். "அங்கதான் படுக்க வச்சிருக்கேன்," என்றாள். "அவரோட தூக்கப்பையில. நல்ல பை அது, எவ்வளவு குளிரையும் தாங்கும். துப்பாக்கியும் தோட்டாவும் பக்கத்துலயே இருக்கு."

கதவருகே நின்ற கஸ் தொப்பியைக் கழற்றினான்.

"என்ன நடந்தது?"

"காலையில காபி குடிச்சுக்கிட்டிருந்தாரு. நெஞ்சைப் பிடிச்சாரு. விழுந்தாரு. நான் ஸ்டாப்வாட்சை அமுக்கினேன்." அவள் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "ஆம்புலன்ஸைக் கூப்பிடுன்னாரு. எப்பவும் சொல்றதுதான். நான் சட்டைப் பொத்தானைத் தளர்த்தினேன், காலைத் தூக்கி வச்சேன், ஆஸ்பிரின் குடுத்தேன். எல்லாம் சரியாப் பண்ணினேன். 'வெர்னா, நிஜமா'ன்னாரு. அதையும் ஒரு தடவை சொல்லியிருக்காரு, ஏமாத்த. போன் அங்கதான் இருந்துச்சு, கைக்கு எட்டுற தூரம். நான் தொடல. இந்தத் தடவை ரொம்ப நல்லா நடிக்கிறாருன்னு நினைச்சேன். ஒத்திகை முடிஞ்சதுன்னு சொல்லுவாருன்னு பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். சொல்லல."

அடுப்பில் நாற்காலிக் கால் வெடித்தது.

"அழுகை வரல," என்றாள் வெர்னா. "இன்னும் வரல. நான் என்ன ஜென்மம்னு தெரியல."

"எனக்கும் வரல," என்றாள் மார்லிஸ். "வசந்தத்துலேர்ந்து." இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கஸ்ஸிடம்கூட.

"ஜோலின் வந்து அப்பா எங்கன்னா. நான் போனைத் தொடலைன்னு எப்படிச் சொல்றது அவகிட்ட? மலைக்குப் போனாருன்னு சொன்னேன். சொன்னா நம்பணுமே, பையைக் கட்டினேன். அலமாரி முன்னாடி நின்னேன். எனக்கு வேணுங்கிறதைத் தொடக் கை வரல. அவரு சொல்லிக் குடுத்ததாச்சே, சின்னதைக் கையை விட்டுக் குடுக்காதேன்னு. அவ மலையேறுவான்னு நான் நினைக்கல. வேண்டாம்னு சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன்."

"வேண்டாம்னா அவ நிக்கமாட்டா. அவ போறது அப்பாவுக்காக." மார்லிஸ் வாக்கி டாக்கியை எடுத்து மேசை மேல் அவள் முன்னால் வைத்தாள். "நான் சொன்னா அவ நம்பமாட்டா. யாரோ கூலிக்கு வந்தவ சொல்றான்னு ஓடையைக் கடந்துடுவா. நீங்கதான் சொல்லணும்."

வெர்னா கருவியைப் பார்த்தாள். கை மேசை மேலேயே கிடந்தது. மார்லிஸுக்குப் புரிந்தது. டெலிபோனும் அன்றைக்கு இவ்வளவு தூரத்தில்தான் இருந்திருக்கும்.

"இது ஒத்திகை இல்ல வெர்னா," என்றாள். "உங்க பொண்ணு ஓடைகிட்ட போயிட்டா."

பயம். மார்லிஸுக்கு மாசக்கணக்காக வராத பயம், இந்த அம்மாளின் அசையாத கையைப் பார்த்ததும் வந்துவிட்டது. தானே அந்தப் பொத்தானை அழுத்திவிடலாமா என்று கை பரபரத்தது. அடக்கிக்கொண்டாள்.

வெர்னா எழுந்தாள். சுவருக்குப் போய் ஸ்டாப்வாட்சை ஆணியிலிருந்து எடுத்தாள். இத்தனை நாளும் ஓடிக்கொண்டிருந்த எண்களைப் பார்த்தாள். கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினாள். நின்றது. பிறகுதான் வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"ஜோலின்."

"அம்மா, இப்ப பேச முடியாது, ஓடை விளிம்புல நிக்கிறேன்..."

"கால் வைக்காத. அப்பா மேல இல்லடி. வீட்லதான் இருக்காரு. கொட்டகையில."

கரகரப்பு. காற்று மட்டும் கேட்டது.

"ஒத்திகை முடிஞ்சது," என்றாள் வெர்னா.

கஸ் ஜன்னலுக்குப் போய் மலையைப் பார்த்தபடி நின்றான். அப்புறம் அந்தப் பெண்ணின் குரல் வந்தது. சமையலறைத் தரையில் கெச்சப்பைப் பார்த்து அழுத சின்னப் பிள்ளையின் குரல்தான் அது, வளர்ந்திருக்கவே இல்லை.

"அதை அப்பாதானே சொல்லணும்?"

வெர்னாவின் முகம் அப்போதுதான் உடைந்தது.

"இனிமே நான்தான் சொல்லணும் கண்ணு," என்றாள். "திரும்பி வா."